அறைக்குள் முடங்கும் பிள்ளை: மோடத்தை அணைத்தால் கதவு திறக்குமா?

சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு அம்மா நகர்ந்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கிறது. அரை மணி நேரத்தில் காலித் தட்டு அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. விடியும்வரை கதவிடுக்கில் திரையின் வெளிச்சம், விசைப்பலகை தட்டும் ஓசை. கல்லூரிக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. உறவினர் வந்தால் தலைகாட்டுவதில்லை. கணினியில் மட்டும் அபாரக் கெட்டிக்காரர். யாரும் சொல்லித் தராமலே நிரல் எழுதுவார், எந்த இணையதளத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பார். இப்படிப்பட்ட வீட்டில் பொறுமை தீர்ந்துபோகும் நாளில் பெற்றோர் முதலில் கைவைப்பது மோடத்தின் மீது. பசித்தால் பிள்ளை சமையலறைக்கு வருவதுபோல, இணையம் நின்றால் வெளியே வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் இயல்பானதுதான், ஆனால் தவறானது. சில வீடுகளில் ஆபத்தானதும்கூட. உள்ளே அடைந்து கிடப்பவரிடம் தேய்ந்துபோயிருப்பது மனிதர்கள் மீதான நம்பிக்கை. முறிந்த எலும்பு கூடுவதற்குக் காலமும் தாங்கலும் அளவான அசைவும் வேண்டியிருப்பதுபோல நம்பிக்கைக்கும் வேண்டும். அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே பிடிமானத்தைப் பிடுங்கிக்கொண்டு நம்பிக்கையை வளர்க்க முடியாது என்பதே என் வாதம்.

ஜப்பான் தந்த பெயர்

இந்த முடக்கத்தை முதலில் விரிவாகப் பதிவுசெய்தவர்கள் ஜப்பானியர்கள். மனநல மருத்துவர் தமாகி சைட்டோ 1998-ல் வெளியிட்ட நூல் 'ஹிகிகோமோரி' என்ற சொல்லை அங்கே வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. உள்ளிழுத்துக்கொண்டு அடைந்து கிடப்பது என்று பொருள். ஆறு மாதமோ அதற்கு மேலோ வீட்டோடு ஒடுங்கி, படிப்பு, வேலை, நட்பு எல்லாம் அறுந்துபோன நிலையை அச்சொல் குறிக்கிறது. ஜப்பான் அரசு 2022-ல் எடுத்து 2023 மார்ச்சில் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 15 முதல் 64 வயதுக்குள் ஏறத்தாழ 14 லட்சத்து 60 ஆயிரம் பேர் இந்நிலையில் இருக்கிறார்கள். அருகிலுள்ள கடைக்கு மட்டும் போய்வருகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஐந்தில் ஒருவர் கோவிட் காலத்தைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஓர் ஆண்டை மட்டும் கவனிக்க வேண்டும். சைட்டோ தம் நூலை எழுதிய 1998-ல் பெரும்பாலான ஜப்பானிய வீடுகளில் இணையமே கிடையாது. அன்றும் இளைஞர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு, பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். ஆகவே "எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரால் வந்த வினை" என்ற முடிவு வரலாற்றோடு பொருந்தவில்லை. இணையம் முடக்கத்தை நீட்டிக்கலாம், அதைத் தாங்கக்கூடியதாக ஆக்கலாம். கதவை முதலில் சாத்த வைத்தது பெரும்பாலும் வேறொன்று: பள்ளியில் பட்ட கேலி, தேர்வில் விழுந்த அடி, வேலையில் நேர்ந்த அவமானம், கவனிக்கப்படாத மனச்சோர்வு, மனிதர்கள் நடுவே நின்றாலே நெஞ்சு படபடக்கும் சமூகப் பதற்றம்.

இது ஜப்பானுக்கு மட்டும் உரிய பண்பாட்டு நோய் என்பதும் இப்போது நிற்காத கருத்து. ஆலன் டியோ, தகாஹிரோ கட்டோ முதலிய ஆய்வாளர்கள் இந்தியா, ஜப்பான், தென்கொரியா, அமெரிக்கா ஆகிய 4 நாடுகளில் இந்நிலையில் இருந்த 36 பேரை அடையாளம் கண்டு, 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எண்ணிக்கை சிறியது, அதை வைத்துக்கொண்டு பெரிய தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாலும் அதில் ஒரு செய்தி மனத்தில் தங்குகிறது. அவர்கள் கடும் தனிமையை உணர்ந்தார்கள், உதவி வேண்டும் என்றார்கள். அதுவும் மாத்திரையைவிடப் பேச்சுவழிச் சிகிச்சையையும், திரைவழி ஆலோசனையைவிட நேரில் சந்திக்கும் ஆலோசனையையும் விரும்பினார்கள். யாரையும் பார்க்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியவர்களின் விருப்பம் இது. மனிதர் வேண்டாம் என்பதற்காக அவர்கள் உள்ளே இல்லை.

ஹேக்கர் என்பவர் தனிமரமா?

இருட்டறை, தலையை மூடிய சட்டை, யாரோடும் ஒட்டாத இளைஞன் என்று திரைப்படங்கள், இப்படிக் கணினி ஓட்டைகளைத் தேடும் ஹேக்கருக்கு ஓர் உருவம் கொடுத்துவிட்டன. பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை 2017-ல் வெளியிட்ட அறிக்கை அந்த உருவத்தைக் கலைக்கிறது. 2015-ல் அவர்கள் விசாரித்த கணினிக் குற்ற வழக்குகளில் சந்தேகத்துக்குரியவர்களின் சராசரி வயது 17. போதைப்பொருள் வழக்குகளில் அது 37. பணம் இந்தப் பிள்ளைகளின் முதல் நோக்கமாக இருக்கவில்லை. சவாலை வென்ற நிறைவும், தம்மைப்போன்ற மற்றவர்களிடம் பேர் வாங்குவதும்தான் அவர்களைச் செலுத்தின. தனிமையில் செய்யும் காரியம் என்று நாம் நினைப்பது உண்மையில் உறவுக்காகச் செய்யும் காரியம். பள்ளியில் எவரும் மதிக்காத பையனை, திரைக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவர் "பிரமாதம்" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக அவன் அடுத்த ஓட்டையைத் தேடுகிறான்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கணினிக் குற்றத்தில் எளிதாக இறங்குவார்கள் என்று பேசப்படுகிறது. பிரிட்டனில் சில பெரிய வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் இருந்தது செய்தியானதால் பரவிய பேச்சு அது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசம் போன்ற சில இயல்புகள் கூடுதலாக இருப்பவர்களிடம் இந்த அபாயம் சற்று அதிகம் என்றும், முறையாக ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்களிடம் அது குறைவு என்றும் கண்டது. நோயறிதலைக் குற்ற முத்திரையாக்குவது அநியாயம்.

அறைக்குள் வளர்ந்த கணினித் திறமை எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பதற்கு மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞரின் கதை பொதுவெளியில் உள்ளது. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையிலுள்ள இல்ஃப்ராகூம் ஊரில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறைதான் அவருடைய வேலையிடம். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் பிரிட்டன் மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்தபோது, அதன் நிரலுக்குள் இருந்த, எவரும் பதிவுசெய்யாத ஓர் இணைய முகவரியை 10 டாலர் சொச்சம் கொடுத்துப் பதிவுசெய்தார். தீநிரல் பரவுவது நின்றது. அப்போது அவருக்கு வயது 22. அதே ஆண்டு ஆகஸ்டில், பதின்ம வயதில் முகம் தெரியாத ஒருவரோடு சேர்ந்து வங்கிக் கணக்கு விவரங்களைத் திருடும் நிரல் எழுதியதற்காக அமெரிக்காவில் கைதானார். துறையில் இருந்தவர்கள் முன்வந்து 30,000 டாலர் பிணைத்தொகையைக் கட்டினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2019 ஜூலையில் நீதிபதி மேற்கொண்டு சிறைத்தண்டனை விதிக்கவில்லை. கைதாவதற்கு முன்பே அவர் திருந்தி நேர்வழிக்கு வந்துவிட்டதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்தத் திருப்பத்துக்கு ஒரு காரணம் எளியது. தீநிரல்களைப் பிரித்து ஆராய்ந்து அவர் வெளியிட்ட குறிப்புகளைப் படித்த ஒரு பாதுகாப்பு நிறுவனம் அவரைத் தேடிவந்து வேலை கொடுத்தது. அவர் கையில் இருந்த அதே திறமைக்கு, வெளிச்சத்தில் நிற்கும் மனிதர்கள் மதிப்புக் கொடுத்தார்கள்.

தனிமை உடம்பை என்ன செய்கிறது?

நெடுநாள் தனிமை மூளையின் காவலை இறுக்குகிறது. தனிமையின் உளவியலை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜான் கசியோப்போவும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டியது இதுதான்: தனிமையில் இருப்பவர் மனிதர்களுக்கு ஏங்குகிறார், அதே வேளையில் மனிதர்களிடமிருந்து வரக்கூடிய ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார். எதிரே வருபவரின் சாதாரண முகம் அவருக்குக் கடுகடுப்பாகத் தெரிகிறது. பதில் வரத் தாமதமானால் ஒதுக்கிவிட்டார்கள் என்று படுகிறது. இந்தத் தற்காப்பினால் அவர் இன்னும் விலகுகிறார்; விலகியதால் "மனிதர்கள் அப்படியில்லை" என்று காட்டும் அனுபவமே கிடைக்காமல் போகிறது. நம்பிக்கையின்மை தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் வழி இது.

உடம்பும் சேர்ந்தே கெடுகிறது. நம் உள்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதைத் தினமும் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்வது காலை வெளிச்சம். மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வீட்டு அறையில் சில நூறுதான். திரை போட்ட அறைக்குள் காலை வெளிச்சமே விழாமல் இருப்பவரின் தூக்கம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், இரவு பகலாகிவிடுகிறது. பகல் முழுக்கத் தூங்குபவரைச் சோம்பேறி என்கிறோம். வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் அவர் விழித்திருப்பதே இல்லை என்பதால், பேச்சுக்கு இருந்த கடைசி வாய்ப்பும் அடைபடுகிறது. 148 ஆய்வுகளையும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்த 2010-ம் ஆண்டுப் பகுப்பாய்வு, வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று கண்டது. உறவு நம் உடல்நலக் கணக்கில் புகைப்பழக்கத்தோடு சேர்த்து எண்ணவேண்டிய ஒன்று.

இணைய நண்பர்கள் போதாதா?

இந்தக் கேள்வியை இளைஞர்களே கேட்கிறார்கள், நியாயமாகவே கேட்கிறார்கள். இரவு 3 மணிக்கு ஒரு நிரல் சிக்கலைச் சேர்ந்து அவிழ்க்கும் நண்பரின் அக்கறை பொய்யில்லை. "அதெல்லாம் நட்பா?" என்று வீட்டார் கேட்கும்போது பிள்ளையின் ஒரே உறவை இழிவுபடுத்துகிறார்கள், கதவு மேலும் இறுகுகிறது. ஆனால் அந்த உறவுக்கு ஓர் எல்லை உண்டு. அங்கே நேசிக்கப்படுவது பெரும்பாலும் புனைபெயரும் திறமையும். திறமை காட்டாத நாளில், காய்ச்சலில் படுத்த நாளில், அழுதுகொண்டிருக்கும் நாளில் அந்தப் புனைபெயர் வெறுமனே இணைப்பில் இல்லாத ஒரு பெயர். ஒரு தவறான கூட்டத்தில் சிக்கினாலோ, எதிரே இருப்பவர் யார் என்பதே தெரியாமல் பெரிய விலை கொடுக்க நேர்கிறது. ஹட்சின்ஸின் பதின்ம வயது அதற்குச் சான்று. ஆகவே இணைய நட்பை முதல் படியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்த நண்பர் ஒருவரோடு குரலில் பேசுவது, பிறகு முகம் பார்த்துப் பேசுவது, ஒருநாள் நேரில் சந்திப்பது என்று போகும் பாதை, மோடத்தை அணைத்தவுடன் மறைந்துவிடும். தற்கொலை எண்ணத்தோடு போராடும் பிள்ளைக்கு நள்ளிரவில் இருக்கும் ஒரே பேச்சுத்துணையும் அதோடு போய்விடும்.

"இப்படியே விட்டால் பழகிப்போகுமே" என்ற அச்சமும் பொருளற்றதல்ல. காத்திருப்பது தானாகக் குணமாக்காது. ஆண்டுகள் கூடக் கூடத் திரும்பி வருவது கடினம். ஜப்பானில் 80 வயதுப் பெற்றோர் 50 வயதுப் பிள்ளையைப் பராமரிக்கும் நிலைக்கு '8050 பிரச்சினை' என்றே பெயர் வந்துவிட்டது. ஆனால் சும்மா விடுவது, இழுத்துப் போடுவது என்ற இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. கூலிக்கு ஆள் வைத்துப் பிள்ளையை அறையிலிருந்து வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகும் தொழிலும் ஜப்பானில் நடந்தது. அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் சிலர் நீதிமன்றம் போய் இழப்பீடு பெற்றிருக்கிறார்கள். பெற்ற தாய் தந்தையே ஆள் அனுப்பினார்கள் என்பதை அறிந்த பிறகு அந்தப் பிள்ளை யாரை நம்பும்?

சோதித்து நம்புதல்

கணினிப் பாதுகாப்பில் 'ஜீரோ டிரஸ்ட்' என்றொரு கொள்கை உண்டு. உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று பார்க்காமல் எவரையும் முன்கூட்டியே நம்பாதே என்பது அதன் அடிப்படை. முடங்கிக் கிடக்கும் இளைஞர் மனிதர்களிடம் கடைப்பிடிப்பது இதைத்தான் என்று தோன்றும். ஆனால் அவர் பாதி விதியைத்தான் கடைப்பிடிக்கிறார். கதவை மூடிவைப்பதோடு அந்தக் கொள்கை நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு கோரிக்கையையும் சோதித்துப் பார், தேவையான அளவுக்கு மட்டும் அனுமதி கொடு, பிறகு மீண்டும் சோதி என்பது அதன் மறுபாதி. எல்லாக் கோரிக்கையையும் மறுக்கும் அமைப்பு பாதுகாப்பானதாக இருக்கலாம், எதற்கும் பயன்படாது. உளவியல் சிகிச்சையும் ஏறத்தாழ இந்த மறுபாதியையே கற்றுத்தருகிறது. சமூகப் பதற்றத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், நோயாளி தம் அச்சத்தை ஒரு கணிப்பாக எழுதுகிறார்: "கடையில் மீதிச் சில்லறை கேட்டால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்." பிறகு போய்க் கேட்கிறார். என்ன நடந்தது என்று எழுதுகிறார். கணிப்பும் நிகழ்வும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பிழை எங்கே என்று தேடிப் பழகிய மூளைக்கு இது அந்நியமான வேலையே இல்லை.

நம் கணிப்புகள் எவ்வளவு பிசகும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. சிகாகோவில் ரயில் பயணிகளிடம் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. பக்கத்தில் இருக்கும் அறியாதவரோடு பேசுவது பயணத்தைக் கெடுக்கும் என்றே பயணிகள் கணித்தார்கள். உண்மையில் பேசியவர்கள், பேசாமல் வந்தவர்களைவிட இனிமையாகப் பயணம் செய்தார்கள். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரமின் குழு 2022-ல் இன்னும் ஒரு படி போனது: ஒரு வாரம் தினமும் அறியாதவர்களோடு பேசியவர்களுக்கு, ஒதுக்கப்படுவோம் என்ற அச்சம் குறைந்தது, பேசத் தெரியும் என்ற தெம்பு கூடியது. இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் அறையில் முடங்கியவர்கள் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆகவே இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை, அளவை அல்ல. முடங்கியவருக்கு முதல் வாரச் சோதனை, இரவு 11 மணிக்கு ஆளில்லாத தெருமுனைவரை நடந்துவிட்டு வருவதாக இருக்கலாம். 2016-ல் போக்கிமான் கோ விளையாட்டு வந்தபோது, வெளியே நடந்தால்தான் ஆட முடியும் என்பதால் அது முடங்கியவர்களுக்கு உதவக்கூடும் என்று மனநல மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். திரையையே கைத்தடியாக்கிக்கொள்ளும் யோசனை அது.

ஜப்பானின் சிபா மாகாணத்திலுள்ள 'நியூ ஸ்டார்ட்' என்ற தொண்டு அமைப்பின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் அனுப்பும் பணியாளர் முதலில் கடிதம் எழுதுகிறார். பதில் வராவிட்டாலும் எழுதுகிறார். பிறகு தொலைபேசி. பிறகு வீட்டுக்கு வந்து மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசுகிறார். கதவு திறக்க மாதக்கணக்கில் ஆகும். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் அந்த ஆள் மீண்டும் வந்து உட்கார்கிறார் என்பதே அங்கே மருந்து. உள்ளே இருப்பவர் ஒவ்வொரு வாரமும் அவரைச் சோதிக்கிறார். ஒவ்வொரு வாரமும் சோதனையில் அவர் தேறுகிறார்.

திறமைக்கும் ஒரு நேர்வழி வாசல் வேண்டும். நெதர்லாந்து அரசு தன் கணினிகளில் ஓட்டை கண்டுபிடித்துப் பொறுப்போடு தெரிவிப்பவர்களுக்கு ஒரு டி-சர்ட் அனுப்பிவைக்கிறது. டச்சு அரசை ஹேக் செய்தேன், கிடைத்ததெல்லாம் இந்த மட்டமான டி-சர்ட் என்று அதில் அச்சிட்டிருக்கும். அதை வாங்குவதற்காகவே உலகெங்கும் இளைஞர்கள் இரவு விழித்திருக்கிறார்கள். ஓட்டையைத் தெரிவிப்பது என்பது முன்பின் தெரியாத ஓர் அலுவலரை நம்புவது: காவல்துறையை அனுப்பாமல், எழுதியதைப் படித்து, பதில் போடுவார் என்று நம்புவது. அந்தப் பதில் வரும்போது, வெளியுலகத்தில் ஒருவர் சொன்னபடி நடந்துகொண்டார் என்ற சான்று கையில் கிடைக்கிறது. அந்நாட்டுக் காவல்துறையும் அரசு வழக்குத் தொடுநர்களும், முதன்முறை கணினிக் குற்றத்தில் சிக்கிய இளைஞர்களைத் துறை வல்லுநர்களிடம் சேர்த்துவிடும் 'ஹேக் ரைட்' என்ற திட்டத்தையும் நடத்துகிறார்கள்.

உலகம் நம்பத் தகுந்ததா?

கடினமான எதிர்வாதம் இதுதான். கேலி செய்தவர்கள் உண்மையாகவே கேலி செய்தார்கள். அடித்த ஆசிரியர் உண்மையாகவே அடித்தார். அப்படிப்பட்டவரிடம் "உலகம் நல்லது, நம்பு" என்று சொல்வது அவர் கண்ணால் கண்டதை மறுப்பது. தத்துவ அறிஞர் ஓனோரா ஓநீல் இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தார்: நம்பிக்கையை மொத்தமாகக் கூட்டுவது குறிக்கோளாக இருக்க முடியாது, நம்பத் தகுந்தவரை நம்புவதும், தகாதவரை நம்ப மறுப்பதும்தான் தேவை. முடங்கிய பிள்ளையின் சந்தேகத்தை நோயாகப் பார்க்காமல், பாகுபடுத்தும் திறன் இன்னும் வளராத ஒரு தற்காப்பாகப் பார்க்கலாம். இதை வைத்தே இன்னொன்றும் தெளிவாகிறது. தனிமையை விரும்பி, வீட்டிலிருந்து வேலை செய்து, இரண்டு மூன்று நெருங்கியவர்களோடு நிறைவாக இருப்பவர் நோயாளி அல்ல. கட்டோவும் டியோவும் வகுத்த அளவுகோலிலும் வீட்டில் இருப்பது மட்டும் போதாது. அதனால் வாழ்க்கை முடங்கியிருக்க வேண்டும் அல்லது அவர் துன்பப்பட வேண்டும்.

வீட்டார் தொடங்கலாம்

பிள்ளை வர மறுத்தால் பெற்றோர் மட்டும் போய் உளவியல் ஆலோசகரைப் பார்க்கலாம். ஜப்பானில் சிகிச்சை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. குடிநோயாளிகளின் குடும்பங்களுக்காக அமெரிக்காவில் உருவான 'கிராஃப்ட்' என்ற பயிற்சியை அங்கே முடங்கியவர்களின் குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். சண்டையில் முடியும் பேச்சைத் தவிர்ப்பது, நல்ல அசைவு தெரிந்த உடனே அதைக் கவனித்துச் சொல்வது, பெற்றோர் தம் உடம்பையும் மனத்தையும் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். நடைமுறையில் இது மிகச் சின்னச் செயல்கள். கதவைத் தட்டி, பதில் வரக் காத்திருந்து, பிறகு பேசுவது. வேலை, திருமணம், பக்கத்து வீட்டுப் பையன் மூன்றையும் பேச்சிலிருந்து விலக்குவது. என்ன நிரல் எழுதுகிறாய் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது. ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் ஏழு மணிக்கு வருவது. காலையில் அறைத் திரையை அவர் சம்மதத்தோடு ஒரு கை அகலம் விலக்குவது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சாகப்போவதாகப் பேசுவது, உடலில் வெட்டிக்கொண்ட தழும்புகள், சாப்பாட்டைக் கைவிடுவது, இல்லாத குரல்கள் கேட்பது, வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்பது போன்ற அசைக்க முடியாத ஐயம், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மனநல மருத்துவரை நாட வேண்டும். மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் மருந்து உண்டு. தாமதம்தான் அவற்றின் பலனைக் குறைக்கிறது. இந்தியாவில் 14416 என்ற கட்டணமில்லா டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். முதல் அழைப்பை அறைக்குள் இருப்பவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்த அம்மாவும் செய்யலாம்.